திரும்பி வரும் நேரம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ஆட்ட அட்டவணை வந்து சேர்ந்தது. ஒரு தவணைக்கு 14 ஆட்டங்கள், அவற்றில் 9 வெளியூரில். ஜொகூர் பாரு ஒன்று, ஈப்போ ஒன்று, கடைசியில் பினாங்கு. பையன்களிடம் காட்டியிருப்பாய், துள்ளியிருப்பார்கள். கல்லூரி நிதிப் பிரிவில் இன்னும் காட்டவில்லை என்று நினைக்கிறேன். காட்டியிருந்தால் உன் கடிதத்தின் தொனியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

காற்பந்துக் குழு நிர்வாகியாக உனக்கு இது முதல் வருடம். பெரிய அணிகளோடு மோத வேண்டும் என்ற ஆசை இல்லாதவன் இந்த வேலைக்கு வரவே கூடாது. அதனால் ஆசையைக் குறை சொல்லப் போவதில்லை. உன் அட்டவணையில் ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறாய்: தேதி, எதிரணி, இடம், ஆட்டம் தொடங்கும் நேரம், சீருடை நிறம். சீருடை நிறம் வரைக்கும் யோசித்தவன் ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டாய். அணியில் ஆகத் தூரத்தில் இருக்கும் பையன் தன் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தும் நேரம் அதில் இல்லை. என் யோசனை முழுக்க அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான். அதை முதலில் நிரப்பிவிட்டுப் பின்னோக்கி வந்தால், எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்கெல்லாம் தானாகவே பதில் வந்துவிடும்.

உன் அணியில் 22 பேர். எத்தனை பேர் விடுதியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வீட்டிலிருந்து வந்து போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார். மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துச் சின்னக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு மாறியிருந்தாலும், அந்தத் தாமானும் தோட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். இரவு 11.30-க்குப் பஸ் கல்லூரி வாசலில் நின்றதும், பயணம் நல்லபடியாக முடிந்தது என்று நீ பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாய். புக்கிட் அசகான் பக்கம் போக வேண்டிய பையனுக்கு அப்போதுதான் பயணத்தின் மோசமான பகுதி ஆரம்பிக்கிறது. 90 நிமிடம் ஓடிய கால், பஸ்ஸில் அரைகுறையாகத் தூங்கிய கண், இரண்டு பக்கமும் செம்பனை, விளக்கில்லாத சாலை. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆட்டத்துக்கு எடுத்த காப்புறுதி அந்தச் சாலைக்கும் செல்லுமா என்று படித்துப் பார்த்தாயா?

2025 ஜூன் 9-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பிறகு, கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். திரெங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிம் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். விளையாட்டுக் குழு அல்ல, ஆனால் நீயும் நானும் வாடகைக்கு எடுக்கும் பஸ் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதற்குப் பிறகு, 2025 ஜூலை 1 முதல், விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் இருக்கைப் பட்டை கட்டாயமானது. 2020 முதல் தயாரான வண்டிகளுக்குத்தான் அந்த விதி. ஆகவே பஸ் கம்பெனிக்காரரிடம் விலை கேட்கும் முன் வண்டி எந்த வருடத்தியது என்று கேள். ஓட்டுநர் காலையில் வேறு எங்காவது ஓட்டிவிட்டு வருகிறாரா என்றும் கேள். மழுப்பினால் அடுத்த எண்ணை அழை.

சரி, கணக்குக்கு வருவோம். பஸ் கல்லூரிக்குத் திரும்பும் நேரம் இரவு 9 மணி என்று வைத்துக்கொள். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். 9-க்கு வந்தால் வீட்டுக்குப் போகிறவன் 10-க்குள் போய்விடுவான். சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இடைவேளை, காய நேரம் எல்லாம் சேர்த்து 6.50 வாக்கில் முடியும். குளித்து, சாப்பிட்டு, எதிரணிக்காரர்களிடம் கைகொடுத்து, காணாமல் போன காலுறையைத் தேடி ஏறும்போது 7.40. மிச்சம் இருப்பது ஒரு மணி 20 நிமிடம். அதுதான் உன் எல்லை. வடக்கே சிரம்பான் வரை போகலாம். தெற்கே மூவார், தங்காக், பாகோ. அப்புறம் சிகாமட், அதுவும் பஸ் ஓட்டுநர் நல்லவராக இருந்தால்.

அந்த எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார். டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அலோர் காஜாவிலும் ஜாசினிலும் வளாகங்கள், மலாக்கா பாலிடெக்னிக், மெர்லிமாவ் பாலிடெக்னிக், லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, இடையிடையே சமூகக் கல்லூரிகள். மாநில எல்லை தாண்டினால் பாகோவில் மூன்று பல்கலைக்கழகங்களும் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரே வளாகத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. நம்முடையது மூன்றே மாவட்டம் உள்ள மாநிலம். குவாலா லிங்கியிலிருந்து அசகானுக்குப் போனாலும் ஒன்றரை மணி நேரம்தான். சின்ன மாநிலத்தில் இருப்பதன் லாபம் இது. கெடாக்காரனுக்கோ பகாங்குக்காரனுக்கோ இது கிடைக்காது. இத்தனை பேரை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 500 கிலோமீட்டர் தள்ளிப் பினாங்கில் போய் 5–0 தோற்பதற்கு எதற்கு பஸ் வாடகை? பெரிய அணியோடு ஆடிய அனுபவம் என்று சொல்வாய். ஆறு மணி நேரம் மடங்கிக் கிடந்த முழங்காலோடு ஆடிய ஆட்டத்திலிருந்து எந்தப் பின்வரிசைக்காரனும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. அவன் கற்றுக்கொள்வது பஸ்ஸில் எந்த இருக்கை நல்லது என்பதை மட்டும்தான்.

இனி நாள்களுக்கு வருகிறேன். நீ ஆட்டங்களை முதலில் எழுதிவிட்டு, விடுமுறை வந்த இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாய். தாளைப் பார்த்தாலே தெரிகிறது. தலைகீழாகச் செய். ஆட முடியாத நாள்களை முதலில் கறுப்பு அடி.

ஒரு தவணைக்குப் பாட வாரங்கள் 14. முதல் இரண்டு வாரம் பதிவு, ஆள் தேர்வு, மூச்சு வாங்கும் பயிற்சி. நடுவில் ஒரு வாரம் விடுமுறை. கடைசி இரண்டு வாரத்தில் எந்த விரிவுரையாளரும் உனக்கு ஆளை விடமாட்டார், விடவும் கூடாது. மிச்சம் 9 வாரம். அதில் பண்டிகைக்கு ஒன்று, மழைக்கோ புகைமூட்டத்துக்கோ ஒன்று கழித்தால் 7. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் தசைகளுக்கு 72 மணி நேரமாவது வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு அது வாரம் ஒரு ஆட்டம் என்று ஆகிறது. எங்காவது ஒரு வாரம் புதன்கிழமையும் சேர்த்தால் 8. உன் 14-ஐ 8 ஆக்கு என்று நான் சொல்வது கஞ்சத்தனத்தால் அல்ல, நாள்காட்டியில் இருப்பதே அவ்வளவுதான்.

புகைமூட்டம் என்றதும் நீ சிரித்திருப்பாய். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை போய் அவசரநிலை அறிவித்தார்கள். இங்கிருந்து முக்கால் மணி நேர ஊர். அந்த மாதிரி வாரத்தில் ஒத்திவைக்க ஒரு வெற்று வாரம் கையில் இல்லாதவன் அட்டவணையையே தூக்கிப்போட வேண்டியதுதான். இடி மின்னல் இன்னும் நெருங்கிய விஷயம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் நான்கு மணிக்குமேல் மேகம் கறுத்தால் மூவாரிலும் ஒன்றுதான், மஸ்ஜித் தானாவிலும் ஒன்றுதான். இடிச்சத்தம் கேட்டு நின்ற பிறகு 30 நிமிடம் யாரும் திடலில் கால் வைக்கக் கூடாது. அந்த அரை மணியைச் சேர்த்துவிட்டால் 6.50-க்கு முடிய வேண்டிய ஆட்டம் 7.20. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏழரைக்குத்தான் இருட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிப்ரவரியில் அது ஏறக்குறைய சரி. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 7 மணிக்கு முன்பே இறங்கிவிடும். மழையும் அந்த மாதத்தில்தான், வெளிச்சக் குறைவும் அந்த மாதத்தில்தான். விளக்குக் கம்பம் இல்லாத திடலாக இருந்தால் நவம்பரில் 4.30-க்குத் தொடங்கு. வெயிலாக இருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு பாதியிலும் தண்ணீருக்கு நிறுத்தச் சொல்லி நடுவரிடம் முன்கூட்டியே பேசிவிடு.

பண்டிகைகள். நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருடத்து அட்டவணையைப் பார்த்து இந்த வருடத்துக்கு எழுதுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நோன்பு மாதத்தில் ஆட்டம் வேண்டாம், உன் அணியில் ஒரே ஒரு மலாய்ப் பையன் இருந்தாலும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் நம் பையன்கள் உடம்பால் மட்டும் வருவார்கள். சிலாங்கூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர் எல்லாம் தைப்பூசத்துக்கு விடுமுறை விடும், மலாக்கா விடுவதில்லை. ஆகவே சிரம்பான்காரர்கள் "அன்றைக்கு எங்களுக்கு லீவு, வாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். உன் ஆட்களில் பாதிப் பேர் பத்துமலையில் இருப்பார்கள், மீதிப் பேருக்கு வகுப்பு இருக்கும். மலாக்காக்காரனுக்கு அதைவிடப் பெரிய நாள் மாசி மகம். பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்கு ரதம் போகும் நாளில் பாயா ரும்புட் பக்கத்தில் எந்தத் திடலையும் நீ பதிவு செய்யாதே. ஆளும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது.

யாரும் எழுதி வைக்காத ஒன்று: புரட்டாசிச் சனிக்கிழமைகள். ஆட்டம் சனிக்கிழமை, விரதமும் சனிக்கிழமை. விருந்தினர் அணிக்கும் சேர்த்துக் கோழிச் சோற்றுப் பொட்டலம் 50 வாங்கி வைத்தால், உன் அணியில் எட்டுப் பேர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் சாப்பிடக்கூடிய கடையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பொட்டல எண்ணிக்கையைச் சைவம் தனியாக எழுதிக்கொடு. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் நாசி லெமாக் வேண்டாம் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொல்லி வைக்கிறேன், கேட்கமாட்டார்கள்.

ஜொகூர் அணிகளைப் பற்றி உனக்கு ஒரு நல்ல செய்தி. 2014-லிருந்து 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நமக்குச் சனியும் ஞாயிறும். கெசாங் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு அணிகளுக்குப் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றுதான். அதற்கே இத்தனை வருடம் அடித்துக்கொண்டோம். 2025 ஜனவரி 1 முதல் அவர்களும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆகவே மூவார், தங்காக், பாகோ எல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்துக்கும் கிடைப்பார்கள். ஞாயிறு காலை 8.30-க்கு ஆடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். என்னைக் கேட்டால் சின்ன அணிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும், மழை அவ்வளவாக வருவதில்லை, இருட்டு என்ற பேச்சே இல்லை. பையன்கள் முணுமுணுப்பது சனி இரவுத் தூக்கத்துக்காக மட்டும்தான்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்காக யாருக்கும் உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே நம்மோடு ஒப்பிட வேண்டியது தொலைக்காட்சியில் வரும் பெரிய பல்கலைக்கழகங்களை அல்ல, இவர்களைத்தான். அதில் இரண்டு வழி இருக்கிறது. வடகிழக்கு மூலையில் 1971-இல் உருவான ஒரு கூட்டமைப்பில் 11 சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. காற்பந்தில் ஒவ்வொரு கல்லூரியும் மற்றப் பத்தோடும் பருவத்துக்கு ஒருமுறை மோதும், பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பும். இன்னொரு கூட்டமைப்பு 1986-இல் உருவானது. அதில் 8 பல்கலைக்கழகங்கள். நியூயார்க்கில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, அட்லாண்டாவில் ஒன்று, செயின்ட் லூயிஸில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. விமானத்தில்தான் போயாக வேண்டும், போனது போனதுதான் என்று வெள்ளிக்கிழமை ஒரு ஊரில், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊரில் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பணம் இருக்கிறது, மருத்துவ ஆள் கூடவே வருகிறார். நீ போட்டிருக்கும் ஈப்போ–பினாங்கு வார இறுதி இந்த இரண்டாவது வழியின் ஏழை நகல். முதல் வழியை எடுத்துக்கொள்.

எடுத்துக்கொள்வது எப்படி என்றால், யாராவது ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். அது நீயாக இரு. பக்கத்துக் கல்லூரி நிர்வாகிகள் ஐந்து பேரை ஒரு கோப்பிக் கடையில் உட்காரவை. ஆறு அணி, ஒருவரோடு ஒருவர் ஒருமுறை. மொத்தம் 15 ஆட்டம், ஐந்து வாரத்தில் முடியும். அட்டவணை போடும் சூத்திரம் எளிது, பள்ளிக்கூட ஆசிரியர்கள் காலங்காலமாகப் போடுவது. அணிகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடு. முதல் வாரம் 1-க்கு 6, 2-க்கு 5, 3-க்கு 4. பிறகு 1-ஐ மட்டும் அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஐவரையும் ஓர் இடம் சுற்று: 1-க்கு 5, 6-க்கு 4, 2-க்கு 3. இப்படி ஐந்து சுற்று. ஒரு கல்லூரி விலகி ஐந்து அணியாகிவிட்டாலும் சூத்திரம் உடையாது. ஆறாவது எண்ணை வெறுமையாக வை, அதை எதிர்கொள்ளும் அணிக்கு அந்த வாரம் ஓய்வு. யாருக்கு எப்போது தேர்வு என்று முன்கூட்டியே தெரிந்தால், எண்களை மாற்றிக்கொடுத்து அந்த ஓய்வை அந்த வாரத்தில் விழவைக்கலாம். கைவேலை அதில்தான் இருக்கிறது. யாருக்கும் தொடர்ந்து மூன்று வெளியூர் ஆட்டம் விழாமலும் பார்த்துக்கொள்.

ஒரே நாளில் எட்டு அணியைக் கூட்டிக் காலையிலிருந்து இரவு வரை இருபது நிமிட ஆட்டங்களாக நடத்தும் கார்னிவலைச் சொல்லி யாராவது குறுக்கே வருவார்கள். செலவு குறைவு, கோப்பை பெரிசு, திறந்துவைக்க ஒரு பிரமுகர் கிடைப்பார். எனக்கு அது பிடிக்காது. நண்பகல் வெயிலில் ஒரே பையன் நான்கு தடவை சூடேறி நான்கு தடவை ஆறுவான். தொடைத் தசை கிழிவது பெரும்பாலும் அந்த நான்காவது தடவையில்தான்.

ஆக ஐந்து லீக் ஆட்டம், இரண்டு நட்பு முறை ஆட்டம், ஒரே ஒரு தூரப் பயணம். மொத்தம் 8. அந்தத் தூரப் பயணத்தை நான் பிடுங்கப் போவதில்லை, பையன்களுக்கு அது வேண்டும். தவணை நடுவிடுமுறையில் வை, ஒரு இரவு தங்கு, ஒரு ஆட்டம் மட்டும் ஆடு, மறுநாள் பகலில் திரும்பு. கோலாலம்பூர்ப் பக்கம் என்றால் பஸ்ஸே வேண்டாம். பூலாவ் செபாங் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறிவிடலாம். பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது ஒரு தொல்லைதான், ஆனால் ஓட்டுநருக்குத் தூக்கம் வருமோ என்று நீ விழித்திருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மலாக்கா டவுனுக்கே ரயில் வந்தது. தம்பினிலிருந்து வந்த அந்தக் கிளைப் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர்கள் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். கூடவே நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். தண்டவாளம் திரும்ப வரவில்லை. உன் பஸ் வாடகையில் ஒரு பகுதி அந்தக் கணக்கில் சேரும் என்று நான் விளையாட்டாகச் சொல்வது உண்டு.

வருகிறவர்களுக்கும் வழி சொல்லிக் கொடு. சனிக்கிழமை மத்தியானம் சுற்றுலாக் கார்களெல்லாம் ஆயர் குரோ டோலில் வரிசை கட்டி நிற்கும். சிரம்பானிலிருந்து வருகிற அணியைச் சிம்பாங் அம்பாட்டில் இறங்கச் சொல். அங்கிருந்து அலோர் காஜா வழியாக ஏஎம்ஜே நெடுஞ்சாலையைப் பிடித்து வரலாம். வருவதாகச் சொன்ன ஓர் அணி, ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது "பஸ் கிடைக்கவில்லை" என்று செய்தி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். திடல் வாடகை, நடுவர்கள், 50 பொட்டலம் சோறு, எல்லாம் வீண். அதற்குப் பிறகு மூன்று நாளுக்கு முன் ஒரு தொலைபேசி, முதல் நாள் இரவு ஒரு தொலைபேசி என்று வழக்கமாக்கிக்கொண்டேன். செய்தி அனுப்புவதோடு விடாதே, குரலைக் கேள். வர முடியாதவன் குரலிலேயே தெரிந்துவிடும்.

செலவைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரு தந்திரம் மட்டும். 44 இருக்கைப் பஸ்ஸில் நீங்கள் 25 பேர் போகிறீர்கள். அதே கல்லூரியின் நெட்பால் பெண்கள் அதே நாளில் அதே வளாகத்தில் ஆடும்படி அவர்களுடைய நிர்வாகியோடு பேசு. வாடகை பாதியாகும், நம் பையன்கள் பஸ்ஸில் கொஞ்சம் ஒழுங்காகவும் உட்காருவார்கள். நடுவர்களுக்குப் பணத்தை ஆட்டம் முடிந்த உடனே உறையில் போட்டுக் கொடுத்துவிடு, அடுத்த வாரம் என்று சொல்லாதே. அணிகள் சாவது திடலில் அல்ல. நம் சமூகத்தின் பெயரைச் சொல்லி 2017-இல் பிரீமியர் லீக்கில் ஆடிய மிஸ்க்-மிஃபா, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலேயே நின்றது. 2022 பருவம் முடிந்ததும் விலகிக்கொண்டது. அதே ஆண்டு முடிவில் நம் மலாக்கா யுனைடெட்டுக்கும் அடுத்த பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் போய், குரூபோங்கில் 40,000 பேர் உட்காரும் ஹங் ஜெபாட் அரங்கம் வீட்டு அணி இல்லாமல் நின்றது. அவ்வளவு பெரிய குழுக்களுக்கே கணக்குப் புத்தகம் எமனாகும்போது உனக்கும் எனக்கும் எம்மாத்திரம்.

ஒரு ஆட்டத்தைத் தோட்டத்துத் திடலில் வை என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். இது என் சொந்த ஆசை, அட்டவணைக் கணக்கில் வராது. 1896-இல் தான் சே யான் இந்த நாட்டிலேயே முதன்முதலாக ரப்பரை வியாபாரப் பயிராக நட்டது நம் புக்கிட் லிந்தாங்கில். அடுத்து அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்தத் தோட்டங்களிலெல்லாம் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களம், கோவில், தமிழ்ப்பள்ளி, திடல் என்று நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து அணி லோரியில் வந்து இறங்கும். கிராணிமார் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்வார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் விளக்கு வைப்பதற்குள் லோரி திரும்பிவிடும், ஏனென்றால் மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பிரட்டு. அந்த ஆட்கள் யாரும் அட்டவணை போடப் படிக்கவில்லை. விடியற்காலையை வைத்துச் சாயங்காலத்தைத் தீர்மானித்தார்கள். இன்றைக்குப் பாதித் திடல்கள் செம்பனையாகிவிட்டன. டவுனிலும் நிலைமை வேறில்லை. துங்கு 1956 பிப்ரவரி 20-இல் சுதந்திர நாளை அறிவித்த பண்டா ஹிலிர் திடலிலேயே பேரங்காடி எழும்பிவிட்டது. மிச்சம் இருக்கிற தோட்டத் திடலுக்கு மானேஜரிடம் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வாடகை இருக்காது, கோல் வலையை மட்டும் நீ கொண்டுபோக வேண்டும். பையனின் அம்மா அவன் ஆடிப் பார்த்ததே இல்லை என்றால், அவளுக்கும் அன்றைக்கு ஒரு வாய்ப்பு.

மற்றத் திடல்களுக்கு நான்கு ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன: மலாக்கா மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின். நான்குக்கும் தனித்தனியாக எழுது, ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. புதிய அட்டவணையில் வீடு சேரும் நேரக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டு, அந்தத் திடலுக்கு அருகில் இருக்கும் மருத்துவமனையின் பெயரை எழுது. நம் மாநிலத்துக்குள் என்றால் மலாக்கா மருத்துவமனை, ஜாசின், அலோர் காஜா, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தொழிற்பயிற்சிக்குப் போகப்போகிற கடைசித் தவணைப் பையன்கள் யார் யார் என்றும் இப்போதே கேட்டு வை. உன் கோல் காவலர் அதில் ஒருவர் என்று யாரோ சொன்னார்கள்.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. மூவார்க்காரர்களுக்கு மட்டும் அதுவரை காத்திருக்காதே, நாளைக்கே எழுதிவிடு. ஞாயிறு காலை அவர்கள் திடல் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அன்புடன்,
அண்ணன்